எங்கள் வீட்டுக்கும் வந்து கேட்டார்கள்

ஐயா, அம்மணி,

மூதூரில் பிறந்து மூதூரிலேயே முதுமை கண்டவன் நான். பாடசாலைப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. சீனன்குடாவில் கிடங்குக் காவலாளியாக இருந்த காலத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்து எழுதப் பழகினேன். ஆகையால் நடையில் குறையிருப்பின் பொறுத்தருள்க.

எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கலையும் வர்த்தகமும் மட்டுமே இருந்தன. கணிதப் பிரிவில் படிக்க விரும்பிய ஆண் பிள்ளைகள் திருகோணமலை நகருக்குச் சென்று உறவினர் வீட்டில் தங்கினார்கள். பெண் பிள்ளைகளை அவ்வாறு அனுப்ப எங்களவர்களில் பலருக்கு மனம் வருவதில்லை. கணக்கில் எத்துணை கெட்டிக்காரியாயினும், இருந்த பிரிவில் சேர்வாள். அல்லது அவளுக்குக் கலியாணம் பேசுவார்கள்.

கணிதப் பிரிவு வேண்டுமென்று மேலிடத்தில் கேட்டோம். பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் ஆசிரியர்களை அனுப்புவோம் என்றார்கள். பெற்றோரிடம் சென்றால், ஆசிரியர்கள் வரட்டும், பிள்ளைகளைச் சேர்க்கிறோம் என்றார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கப் பாடசாலை அதிபர் ஒரு வழி கண்டார். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த வாரத்தில் அவரும், பள்ளிவாசல் நிர்வாகி ஒருவரும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் நானும் வீடு வீடாகப் புறப்பட்டோம். பெண் கேட்கப் போகும் முறைப்படியே போனோம். வாழைப்பழச் சீப்பும் மஸ்கட் இனிப்பும் கொண்டுபோய், கொடுத்த தேநீரைக் குடித்து, வயலைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்த பின்னரே, உங்கள் பிள்ளையை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டோம். அம்முறையில் கேட்டவர்களை முகத்துக்கு நேரே மறுத்தனுப்புவது எங்கள் ஊரில் பெரிய மரியாதைக் குறைவு. அதை அறிந்தே போனோம்.

ஒரு மீனவர் வீட்டில் அவர் சிரித்துக்கொண்டு, “சீதனம் என்ன கேக்குறீங்க சேர்?” என்றார்.

“புள்ளைய மட்டும் தாங்க. வீடு நீங்களே வெச்சுக்கொள்ளுங்க,” என்றார் அதிபர். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தே களைத்துப்போகும் ஊர் அல்லவா? அந்த வீடே சிரித்தது. அவருடைய மகள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சிரித்ததும் கேட்டது.

பதினொரு வீடுகள் சம்மதித்தன. பன்னிரண்டாவது வீடு என்னுடையது. என் இளைய மகள் கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்றிருந்தாள். அவளைக் கேட்க வேண்டுமென்று எங்கள் மூவரில் எவருக்கும் தோன்றவில்லை. அவளை முதலாவதாக எண்ணிக்கொண்டுதான் மற்ற வீடுகளுக்கே புறப்பட்டிருந்தோம்.

அவளுடைய எண்ணமோ வேறு. எங்கள் வயற்காணி வழக்கொன்றுக்காக நான் நீதிமன்றத்துக்குப் போன நாளில் அவளும் கூட வந்திருந்தாள். நான் தமிழில் சொன்னதை ஒருவர் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். வெளியே வந்ததும் அவள், “வாப்பா, நீங்க சொன்னதில பாதிதான் அங்க போய்ச் சேர்ந்தது,” என்றாள். கலைப் பிரிவில் சேர்ந்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் பாடமாக எடுத்து, மொழிபெயர்ப்பாளராக வேண்டுமென்று அன்று முதல் சொல்லிவந்தாள். சிறு பிள்ளையின் பேச்சு, மாறிவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

பதினோராவது வீட்டிலிருந்து நான் திரும்பிய மாலையில் அவள் கேட்டாள்: “எல்லார்ட வீட்டுக்கும் போனீங்க. எங்கட வீட்டுக்கு ஏன் ஒருத்தரும் வரல்ல?”

மறுநாள் வந்தார்கள். என் வீட்டில் நான் எந்தக் கதிரையில் அமர்வது என்று விளங்காமல் சற்று நேரம் நின்றேன். கேட்க வந்தவர்களோடு அமர்ந்தால் மகளுக்கு எதிரே அமர வேண்டும். வீட்டுக்காரனாக அமர்ந்தால் என் தோழர்களுக்கு எதிரே. கடைசியில் கதவோரத்துக் கதிரையில் அமர்ந்தேன். தேநீரை அவளே கொண்டுவந்தாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் போல் திரைச்சீலைக்குப் பின்னால் போகவில்லை. அதிபர் கேட்டு முடித்ததும், தாய் வாய் திறக்குமுன் அவளே பேசினாள்.

“சேர், வந்து கேட்டதுக்குச் சந்தோசம். எனக்கு ஏலாது. நான் கலைதான் படிக்கப் போறன்.”

பள்ளிவாசல் நிர்வாகி என் பக்கம் திரும்பி, “காக்கா, நீங்க ஒரு சொல் சொல்லுங்களேன்,” என்றார். பதினொரு வீடுகளில் தடையின்றிப் பேசிய வாய் என்னுடையது. அவளை வற்புறுத்தினால், அவள் எங்களைத் தன்னிடம் வந்து கேட்க வைத்ததே வீணாகும். அவள் பக்கம் நின்றால், மற்ற வீடுகளில் நான் சொன்னவை யாவும் ஊரான் பிள்ளைக்கு மட்டுமே என்றாகும். தேநீர்க் கோப்பைகளை எடுத்துத் தட்டில் அடுக்கினேன். அவர்கள் எழுந்து போனார்கள்.

இரண்டொரு நாள் கழித்து அந்த மீனவரின் மனைவி எங்கள் குசினிப் பக்கமாக வந்தார். கோபம் எதுவும் காட்டவில்லை. மீன் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டு, எழும்பும்போது என் மனைவியிடம், “அப்ப கிளாஸ் இல்லத்தானே. தோப்பூரில இருந்து புள்ளைக்கு வந்த கலியாணக் கதைய முடிச்சிடுவம் எண்டு இருக்கம்,” என்றார். என் மகள் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் இவளும் முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள்.

மறுநாட் காலையில் அவள் தானாகவே பாடசாலைக்குப் போய்க் கணிதப் பிரிவில் சேர்ந்துவிட்டு வந்தாள். நான் ஏன் என்று கேட்டேன்.

“நீங்க கேட்டீங்க, நான் மறுத்தன். அவ வந்து கேட்கல்ல வாப்பா. அதுதான் மறுக்க ஏலாமப் போச்சு,” என்றாள்.

ஆசிரியர்கள் வந்தார்கள். வகுப்பு நடக்கிறது. மீனவரின் மகள் அதில் முன்னணியில் நிற்கிறாள். தோப்பூர்ச் சம்பந்தம் அதன் பின் பேசப்படாமலே போயிற்று. என் மகளும் குறைவில்லாத புள்ளிகள் பெறுகிறாள். பிரிவை மாற்றிக்கொள்ளத் தவணை இருந்தபோது நானே அவளிடம், மாறுவதானால் மாறு என்றேன். ஓராள் குறைந்தால் பன்னிரண்டு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். திறந்தது பௌதிகவியல். சிங்கள அகராதியை யாருக்கும் கொடுக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறாள்.

கடைத்தெருவில் என்னைக் காண்பவர்கள், உங்கள் மகள் விரும்பி முன்வந்ததால்தான் வகுப்பு கிடைத்தது என்று என் கையைப் பிடித்துச் சொல்கிறார்கள். இல்லை என்றால் பதினொரு பிள்ளைகளின் மகிழ்ச்சியில் கல்லெறிந்தவனாவேன். ஓம் என்றால் என் பிள்ளையின் சொல்லை விழுங்கியவனாவேன். தலையசைத்துவிட்டு நடந்துவிடுகிறேன். வீட்டில் அவள் பாடம் படிக்கும் குரல் கேட்கும்போது வெளிவாசலுக்குப் போய்விடுகிறேன்.

பாடசாலையில் பிரிவு தொடங்கிய வரலாற்றைச் சிறு நூலாக்கப் போகிறார்களாம். அதில் அவள் விரும்பிச் சேர்ந்தாள் என்றுதான் வரும். அவளைக் கேட்டார்கள், அவள் ஏலாது என்றாள், அதன் பின்பே சேர்ந்தாள். நடந்தது இதுவே. இந்த எழுத்தை எறிந்துவிடாமல் எங்கேனும் ஓரிடத்தில் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.