கல்லில் இருப்பது தகப்பன் பெயர்

ஜெயசீலனின் கல்லறையில் அவனுடைய தகப்பனின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பிழையை இப்போது அந்த ஊரின் வரலாற்றுப் புத்தகத்திலும் அச்சடித்துவிட்டார்கள். அவனுடைய அக்கா றோசலின் தலை நரைக்கும்வரை அதைத் திருத்தச் சொல்லிக் கேட்டார். திருத்தவில்லை. இது அநியாயம். இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியாது.

போன கிழமை அக்காவின் மகள் தொலைபேசி எடுத்தாள். "அங்கிள், அம்மா எங்களை விட்டுப் போட்டா" என்றாள். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கல்லைப் பற்றிய அவருடைய முறைப்பாட்டைக் கேட்டுச் சலித்தவர்களுக்காகவும்தான்.

எல்லைக்கு அப்பால், பால் பண்ணைகள் நிறைந்த கவுண்டி என்று சொல்லும் ஓர் அமெரிக்க மாவட்டத்தில், கனடாவுக்குள் வரக் காத்திருந்த எங்களைத் தேவாலய நிலக்கீழ் மண்டபத்தில் தங்கவைத்தார்கள். நல்ல சனங்கள், அதை நான் மறுக்கமாட்டேன். ஜெயசீலன் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அங்கேயே இறந்தான். மொன்றியலில் இருந்த அக்காவுக்கு அகதி வழக்கு முடியவில்லை. எல்லை தாண்டி வர வழியில்லை. அவனுடைய கடதாசியில் எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னுக்கு இருந்தது. முன்னுக்கு இருப்பதே ஆளின் பெயர் என்று எண்ணி, அவனை அங்கேயே அடக்கம் செய்த தேவாலயக்காரர் கல்லில் 'சவரிமுத்து ஜெ.' என்று வெட்டிவிட்டார்கள்.

கல்லின் படம் மன்னாருக்குப் போனது. சவரிமுத்து ஐயா அப்போது உயிரோடு இருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய எங்க தாட்டவங்கள்? இது என்ர கல்லெல்லோ" என்று கேட்டாராம். என் காரில் இதைச் சொல்லும்போது அக்கா அழமாட்டார். பனிக்காலமானாலும் கார்க் கண்ணாடியை இறக்கிவிடுவார்.

அந்தக் கவுண்டியின் வரலாற்றை எழுத அங்கே ஒரு சங்கம் இருந்தது. எல்லை தாண்டக் கடதாசி கிடைத்தபின் அக்கா அதில் சேர்ந்தார். கூட்டங்களுக்கு மீன் கட்லட் கொண்டுபோவார், கார் ஓட்டுவது நான். எரிந்த பாலாடைத் தொழிற்சாலை, கைவிட்ட ரயில் நிலையம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். "அவையின்ர செத்த சனத்தை நான் கேட்டால்தானே தம்பி, என்ர செத்தவனை அவை கேப்பினம்" என்பார்.

கடைசியில் கேட்டார். கல்லில் உள்ளதைத்தான் புத்தகத்தில் போட முடியும் என்று தலைவர் மரியாதையாகச் சொன்னார். கல்லில் உள்ள ஆள் அந்த நேரம் மன்னாரில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் என்று அக்கா தன் ஆங்கிலத்தில் சொன்னார். திரும்பி வரும்போது எல்லைச் சாவடி தாண்டியதும் சொன்னார்: "அவையின்ர புத்தகத்தில பரிசு வாங்கின பசுக்களுக்கெல்லாம் சரியான பேர் போட்டிருக்கினம். பார்த்தனீரோ?"

எங்கள் ஆட்கள் மட்டும் திறமோ? "தகப்பன்ர பேர்தானே அக்கா, விடுங்கோ" என்றார் எங்கள் தமிழ்ச் சங்கக்காரர் ஒருவர். "அப்ப உமக்குக் கல்லு வைக்கேக்க கொப்பரின்ர பேரைப் போடட்டோ?" என்று அக்கா கேட்டார். அதன்பிறகு அந்த மனிதர் இவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார்.

ஒவ்வொரு மரித்தோர் நாளுக்கும் அக்கா அந்தக் கல்லறைக்குப் போவார். காற்றில் மெழுகுதிரி நிற்காது என்று பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்துக் கொளுத்துவார். பிறகு கல்லைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக் கூப்பிடுவார்: "ஜெயசீலா, அக்கா வந்திருக்கிறன்." அந்தக் கவுண்டியில் அவனுடைய பெயர் கேட்டது அவர் குரலில் மட்டும்தான்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். விற்காத பிரதிகளிலாவது அந்த வரலாற்றுச் சங்கம் திருத்தம் ஒட்டவேண்டும். மயானத்தை நடத்துகிறவர்கள் கல்லை மாற்றவேண்டும். மாற்றமாட்டோம் என்றால் பக்கத்தில் சின்னக் கல்லொன்று வைக்க விடவேண்டும். எங்கள் சங்கக்காரர் அதைக் கேட்டு எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் தேவாலயப் பங்குச் சனங்கள் மரித்தோர் நாளுக்கு பஸ் பிடிக்கவேண்டும். பிரெஞ்சில் மட்டும் பேசும் பேரப்பிள்ளைகள் அந்த ஒரு பெயரையாவது தமிழில் சொல்லப் பழகவேண்டும். பேணி என்னிடம் இருக்கிறது, அடியில் அக்காவின் மெழுகு உறைந்தபடி. ஒருவரும் வராவிட்டாலும் நான் போவேன். அந்த நிலத்தைப் பார்த்து அவனை அவன் பெயரால் கூப்பிட்டு, அக்கா இனி வரமாட்டா என்று சொல்லவேண்டியவன் நான்.