பதில்களை மட்டும் தட்டச்சு செய்யவும்

எடிசன் ஊரில் எங்கள் அபார்ட்மெண்டில் எல்லோரும் ஜாவா படித்துக்கொண்டிருந்த காலத்தில், நான் அலாஸ்காக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை செய்ய அனுமதி வந்திருந்தது, கிரீன் கார்டு வரவில்லை. வடதுருவக் கடற்கரை ஊர்கள் எப்படி மாறிவருகின்றன என்று ஆராய்ந்த ஒரு பேராசிரியர், கோடையில் பதிவுசெய்துவந்த பேட்டிகளை எழுத்தாக்க ஆள் தேடினார். பிள்ளையை டே கேரில் விட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். டேப்பை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் தையல் மிஷின் மாதிரி ஒரு பெடல் இருக்கும்.

"ஐஸ் கதை கேக்கறதுக்கெல்லாம் இந்த ஊர்ல சம்பளம் குடுக்கறாங்களா?" என்று கணவர் கிண்டல் செய்வார். சம்பளத்தோடு ஒரு விதியும் கொடுத்திருந்தார்கள். பேட்டி கொடுப்பவர் சொல்லும் பதில்களை மட்டும் தட்டச்சு செய்ய வேண்டும். அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் விட்டுவிட வேண்டும். ஆராய்ச்சிக்கு அது தேவையில்லையாம்.

நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் பெண்ணின் டேப் வரும்வரை. அவர் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்காரர். கடல் உறைவது வருஷாவருஷம் தள்ளிப்போகிறது, கரையோரம் ஐஸ் இல்லாததால் புயல் அலை நேராக மண்ணில் மோதுகிறது, மண்ணுக்குள் உறைந்து கிடந்த பனியும் இளகிக் கரை துண்டு துண்டாக விழுகிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் தூத்துக்குடிக்காரி. கடலரிப்பை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவர் கேட்டார்: "போன வருஷமும் வந்து கரையை அளந்துகொண்டு போனீர்களே, என் வீடு இன்னும் எத்தனை நாள் நிற்கும்?"

பேட்டி எடுத்த மாணவன் என்ன செய்தான் தெரியுமா? "சீல் இறைச்சியை எப்படிக் காயவைப்பீர்கள்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அவர் அதற்கும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி வீட்டைப் பற்றிக் கேட்டார். டேப் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், விஷயம் தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று பள்ளிக்கூடத்து போன் நம்பரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். விதிப்படி இதில் ஒன்றையும் நான் தட்டச்சு செய்யக் கூடாது.

எனக்கு வந்ததே கோபம்! என்ன தின்கிறாய், யார் செத்தார்கள், எப்படிப் புதைத்தாய் என்று நாம் துருவித் துருவிக் கேட்கலாம். அவர் ஒன்றே ஒன்று கேட்டால் நம் காது அடைத்துக்கொள்ளுமா? ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்து பேராசிரியரிடம் எடுத்துப் போனேன்.

அவர் அறைச் சுவரில் அந்த ஊரின் வரைபடம் தொங்கியது. வீடுகள் சின்னச் சின்னக் கட்டங்கள். அடுத்த வருஷம் கரை எங்கே இருக்கும் என்று சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டிக் கடைசி வீடு என்று டேப்பில் அந்தப் பெண் அடையாளம் சொல்லியிருந்தார். தேடிப் பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம், கடலுக்குள் இருந்தது.

"இதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்றேன். பேராசிரியர் கெட்டவர் இல்லை, எனக்குக் காபியெல்லாம் கொடுத்தார். அதுதான் இன்னும் எரிச்சல். இது முதல் வரைவுதான், கட்டுரை பிரசுரமாகும்வரை வெளியே சொல்ல முடியாது, சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்றார். என் பக்கங்களில் அந்தப் பெண் கேட்டதையெல்லாம் பென்சிலால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பயந்துவிடுவார்களாம்! வாசலில் கடல் வந்து நிற்பதைத் தினம் பார்க்கிறவர், இவர் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் பயப்படப் போகிறாரா?

நானே அந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? கிரீன் கார்டு வர்ற நேரம். அவர் கம்ப்ளெயின்ட் பண்ணா என்ன பண்ணுவ?" என்றார் கணவர்.

"பண்ணட்டும். உங்க ஆபீஸ்ல சர்வர் டவுன் ஆனா, எப்ப வரும்னு கேக்கறவங்ககிட்ட, ஆர்ட்டிக்கிள் பப்ளிஷ் ஆனதும் சொல்றோம்னு சொல்வீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, கூப்பிட்டுத் தொலை."

மறுநாள், அங்கே பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அதே நிதானமான குரல். நான் யார், எப்படி நம்பர் கிடைத்தது என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். வரைபடத்தில் கோடு உங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறது, வீடு தாங்காது, சாமான்களை இப்போதே எடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, வீடு இலையுதிர்காலப் புயலிலேயே போய்விட்டது என்றார். யாருக்கும் அடிபடவில்லை, எல்லோரும் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம் என்றார். அப்புறம் ஏதோ தன்மேல் தப்பு இருப்பதுபோலத் தயங்கித் தயங்கித் தொடர்ந்தார்.

"உங்கள் ஆட்கள் இந்தக் கோடையிலும் வருவார்கள், இல்லையா? பேராசிரியரிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். எப்போதும் என் வீட்டில்தான் தங்குவார்கள். இந்தத் தடவை அவர்களை எங்கே தங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை."