ரெங்கசாமி அண்ணாச்சியின் கொழுப்புச் சதவீதம்

1. எழுபதாவது கிலோமீட்டர்

ஆம்புலன்ஸில் இருந்து இறங்கிய நர்ஸ் முதலில் கேட்டது, "இவருக்குச் சுகர் எத்தன வருசமா இருக்கு?" என்றுதான். ரெங்கசாமி அண்ணாச்சிக்குச் சுகரும் கிடையாது, பிரஷரும் கிடையாது. நூறு கிலோமீட்டர் பந்தயத்தில் எழுபதாவது கிலோமீட்டரில், ரோட்டோர மைல்கல்லைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னால் "செத்த நேரம் டீச்சர்" என்றார். அந்தச் செத்த நேரம் முடிவதற்குள் பந்தயமே முடிந்துவிட்டது.

அது அவருடைய இரண்டாவது தோல்வி. முதல் தடவையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் உட்கார்ந்தார். அன்று இடுப்புப் பையைத் திறந்து பார்த்தேன். வழியில் சாப்பிடுவதற்காக நான் கணக்குப் போட்டுக் கொடுத்த ஜெல் பாக்கெட்டுகள் ஒன்றுகூடப் பிரிபடவில்லை. உப்பு மாத்திரையும் அப்படியே இருந்தது. பொழுதெல்லாம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடியிருக்கிறார்.

நான் ராஜபாளையத்தில் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் ஜெசிந்தா. ஓய்வுக்குப் பிறகு நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளசுகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்களை ஓட வைப்பது நம் வேலை இல்லை. நம்மிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களை நிறுத்துவதும் தூங்க வைப்பதும் சாப்பிட வைப்பதும்தான் வேலை. முதல் இரண்டையும் அதட்டிச் செய்துவிடலாம். மூன்றாவதில்தான் என் பாதித் தலைமுடி நரைத்தது.

2. மெஷின் சொன்னால் வேதம்

அண்ணாச்சிக்குச் சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணிக் கம்பெனி. ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர், சொன்ன நேரத்துக்கு வருவார். வாரம் எண்பது கிலோமீட்டர் என்று நான் எழுதினால் எண்பத்தைந்து ஓடிவிட்டு வந்து நிற்பார். சனிக்கிழமை நீண்ட ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை களைத்த காலோடு இன்னொன்று. இதை நாங்கள் பேக் டு பேக் என்போம். அதிலும் குறை வைக்க மாட்டார். குறையெல்லாம் அவருடைய மகள் கோதை பெங்களூரில் இருந்து வாங்கி அனுப்பிய ஒரு மெஷினால் வந்தது.

வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை, தசை, தண்ணீர், கொழுப்பு என்று எல்லாவற்றையும் பிரித்துப் போனில் காட்டும் மெஷின் அது. முதல் நாள் கொழுப்பு இருபத்து நாலு சதவீதம் என்று காட்டியது. அவ்வளவுதான், மனிதர் அவமானப்பட்டுப் போனார். பத்துக்குக் கொண்டு வந்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். அந்த மெஷின் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒன்று சொல்லும், பாத்ரூம் போய்விட்டு வந்தால் வேறொன்று சொல்லும். இதை நான் நூறு முறை சொல்லியிருப்பேன். காலையில் மூன்று தடவை ஏறி, மூன்றில் எது குறைவோ அதை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புவார்.

இட்லி நின்றது. தோசை நின்றது. ராத்திரிக்கு வெள்ளரிக்காய் என்றானது. நான் சண்டை போட்டபோது அவர் தொழில் பாஷையிலேயே விளக்கம் சொன்னார்.

"நான் பேண்டேஜ் ஏத்துற லாரி மாதிரி டீச்சர். லோடு கொறஞ்சா மைலேஜ் கூடும்லா?"

"லோடு கொறச்சது சரி அண்ணாச்சி. நீங்க டீசலே ஊத்தாம லாரி ஓட்டுதீய."

சிரித்தார். மறுநாளும் வெள்ளரிக்காய்தான். ஓடுகிறவனுக்கு எடை குறைந்தால் கொஞ்ச தூரம் வரைக்கும் லாபம் உண்டு, நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு உடம்பு தன் தசையையே எடுத்துத் தின்ன ஆரம்பிக்கும். அண்ணாச்சி பதினாலு சதவீதத்தில் இருந்தபோது, கம்பெனிப் படியேறிவிட்டு மேலே நின்று மூச்சு வாங்கினார். அதையும் பயிற்சி என்றுதான் நினைத்துக்கொண்டார்.

3. ஆப்பிள் பையோடு வந்தவர்கள்

நம் ஊரில் ஐம்பது வயதுக்காரர் இளைத்தால் அவர் ஓடுகிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சுகர் என்பார்கள். இன்னும் இளைத்தால் சுகர் என்று வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அண்ணாச்சி வீட்டு ஃபிரிட்ஜில் ஆப்பிள் வைக்க இடமில்லாமல் போயிற்று. அவர் அதையும் தொடவில்லை, பழத்தில் சர்க்கரை இருக்கிறதாம்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சமயம் கோதைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பையனுக்கும் அவளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், தினமும் போனில் பேசிக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அழகர்சாமி பால்கோவா கடைக்காரர். ஆடி கழியட்டும் என்றார், நியாயம். ஆவணியில் நிச்சயத்துக்கு நாள் கேட்டபோது பிடிகொடுக்காமல் பேசினார். பிறகு தரகர் வழியாகச் செய்தி வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி, மறைத்துக் கல்யாணம் முடிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் காதுக்குப் போயிருக்கிறது.

அண்ணாச்சியின் மனைவி விஜயா என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒழுங்கா நாலு இட்லி தின்னாருன்னா எம் மக கல்யாணம் நடந்துரும் டீச்சரம்மா. வேற எதுவும் நான் கேக்கல" என்று அழுதார். "அவ ரெண்டு நாளா ஒழுங்காப் பேச மாட்டேங்கா."

அடுத்த பந்தயம் மார்கழியில். இப்படியே போனால் பந்தயமும் போகும், சம்பந்தமும் போகும். அண்ணாச்சியிடம் சொன்னால், ஓடி முடித்துப் பதக்கத்தோடு போய் நின்றால் சம்பந்திக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும் என்றார். அதற்காக இன்னும் கொஞ்சம் கொழுப்பைக் குறைக்கப் போவதாகவும் சொன்னார்.

4. புரட்டாசிச் சனிக்கிழமை

பந்தயத்துக்கு முன்னால் ஒரு அறுபது கிலோமீட்டர் ஓட்டம் தேவைப்பட்டது. நான் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையையும் திருவண்ணாமலை ரோட்டையும் தேர்ந்தெடுத்தேன். இது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைக்கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளைப் பார்க்கச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு போகும், வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். எனக்குத் தண்ணீர்க் கேன் சுமக்கும் வேலை மிச்சம் என்பதுதான் என் கணக்கு. மலையடிவாரத்தில் இருந்து ஊர் எல்லை, அங்கிருந்து திரும்ப மலையடிவாரம், இப்படியே போய் வந்துகொண்டிருக்க வேண்டும். இருட்டு விலகும்போதே தொடங்கிவிட்டார். நான் அடிவாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் ஏறியதும் கூட்டம் பெருத்தது. மலையை நோக்கிப் போகும் சனத்துக்கு நடுவில் ஒரு எலும்பு மனிதர் ஓடி வருகிறார், மலையைத் தொடுகிறார், திரும்பி ஓடுகிறார், மறுபடி வருகிறார். ஒரு தடவை என்றால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா என்னிடம் வந்தார்.

"என்ன வேண்டுதல் தாயி, இம்புட்டுக் கடுசா? மக கல்யாணத்துக்கா?"

நூறு கிலோமீட்டர் பந்தயம், வாராந்திர மைலேஜ், பேக் டு பேக் என்று விளக்கியிருந்தால் நாலாம் சனிக்கிழமை வந்திருக்கும். அண்ணாச்சிக்கு ஒரு பெண் கல்யாணத்துக்கு நிற்பதும் உண்மைதானே. தலையை ஆட்டி வைத்தேன்.

அரை மணி நேரத்தில் ரோடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அவர் வந்தால் கூட்டம் விலகி வழிவிட்டது. கோவிந்தா கோஷம் போட்டார்கள். ஒருவர் அவர் கால் பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கோவிந்தா சத்தம் கேட்டதும் வேகம் கூடியதை என் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தேன்.

பாதி ரோட்டில் பெரிய பந்தல் ஒன்று. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், பானகம், நீர்மோர் என்று அண்டா அண்டாவாக அன்னதானம். அந்தப் பந்தலில் கரண்டியோடு நின்றவர் அழகர்சாமி. வருடா வருடம் மூன்றாம் சனிக்கிழமை அவருடைய உபயம் என்பது எனக்குத் தெரியாது. விஜயாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் நாளையும் இடத்தையும் சொன்னபோது வாயே திறக்காமல் இருந்துவிட்டார்.

பந்தலில் நடந்ததை அண்ணாச்சியே பிறகு சொன்னார். சம்பந்தி ரோட்டின் நடுவில் வந்து வழிமறித்து நின்றிருக்கிறார். கையில் தொன்னை நிறையப் பொங்கல். அண்ணாச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஒங்களுக்கு நோவுன்னு எவனோ சொன்னத நம்புனேன். என்னய மன்னிச்சிருங்க சம்பந்தி" என்றாராம் அழகர்சாமி. குரல் உடைந்துவிட்டதாம். "எங்க வீட்டுக்கு வாற பிள்ளைக்காக இந்த வெயில்ல ஓடுதீய. பெருமாள் பிரசாதம், சாப்பிட்டுட்டு ஓடுங்க."

சம்பந்தி கையால் கொடுத்ததை மறுக்க முடியாது. பெருமாள் பிரசாதத்தை மறுக்கவே முடியாது. அண்ணாச்சி சாப்பிட்டார். பந்தல் பாதி வழியில் இருந்ததால் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. போகையில் பொங்கலும் பானகமும், வருகையில் புளியோதரையும் நீர்மோரும். மாவுச்சத்து, சர்க்கரை, உப்பு, தண்ணீர் என்று நான் இரண்டு வருடமாகக் கெஞ்சியது அத்தனையும் சரியான இடைவெளியில், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. ஜெல் பாக்கெட்டில் எழுதியிருக்கும் முறையும் அதுதான்.

ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினார். மறுபடியும் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிடுவாரோ என்று அடிவாரத்து மைல்கல்லின் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசிச் சுற்றுதான் அன்றைக்கு அவர் ஓடியதிலேயே வேகமானது. முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, இரைப்பு அடங்கும் முன்பே கேட்டார்.

"பால்கோவா குடுப்பாகளா டீச்சர்? பந்தல்ல கேக்க வெக்கமா இருந்துச்சு."

ஓடும்போது பால்கோவா ஆகாது, வயிற்றிலேயே உட்கார்ந்துகொள்ளும். முடித்த பிறகு தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். என் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்தார். பிறகு, "கோதைக்காகத்தான் ஓடுதேன்னு சம்பந்திட்ட நானும் சொல்லிட்டேன். சொன்ன பொறவு பொய்யின்னு தோணல" என்றார். முகத்தைத் துண்டால் துடைத்தார். வியர்வை மட்டும் இல்லை.

5. மிச்சம்

ஐப்பசியில் நிச்சயம் நடந்தது. மார்கழிப் பந்தயத்தில் விஜயா தூக்குச்சட்டியில் புளியோதரையோடு சுற்றுக்குச் சுற்று நின்றார். அண்ணாச்சி நூறையும் ஓடி முடித்தார். அன்றைக்கு அவருக்குக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. மெஷின் இப்போது பேண்டேஜ் கம்பெனிப் பேக்கிங் செக்‌ஷனில் மூட்டை எடை போடுகிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் உங்களிடம் வந்ததும் எடையைக் கேட்காதீர்கள், மைலேஜையும் அப்புறம் கேட்கலாம். யார் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுவார் என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு ஆள் இருக்கத்தான் செய்கிறது. அந்த ஆளைக் கொண்டுபோய் ரோட்டில் நிறுத்துங்கள்.

கல்யாணம் முடிந்து அடுத்த புரட்டாசி பிறந்ததும் அழகர்சாமி போன் செய்துவிட்டார், வேண்டுதல் பலித்ததற்கு நன்றி செலுத்த வேண்டாமா என்று. அண்ணாச்சி என்னிடம் வந்து புலம்பினார்.

"வைக்காத வேண்டுதல எப்பிடி டீச்சர் முடிக்கது?"

முடிக்க முடியாது என்றேன். இப்போது வருடா வருடம் மூன்றாம் சனிக்கிழமை ஓடுகிறார். போன புரட்டாசியில் நானும் பந்தல் பக்கமே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். தூரத்தில் அவர் வருவது தெரிந்ததும் அழகர்சாமி தொன்னையை எடுத்தார். அண்ணாச்சி இன்னும் பந்தலை எட்டவில்லை, அதற்குள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே ஓடி வந்தார்.