சுண்டலில் தப்பிய விதை

லண்டன் டூட்டிங்கில் இடியாப்பத்துக்கு வரிசையில் நின்றபோது தவராசா அண்ணையின் மனைவி மனோ அக்கா போனில் அழைத்தார். "அண்ணை மோசம் போயிட்டார், பிள்ளை. மத்தியானம் வடிவாச் சாப்பிட்டவர்." அவர் இறந்த செய்தியைக் கேட்டு, என் முறை வந்தது தெரியாமல் நின்றிருந்தேன்.

தவராசா அண்ணையின் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். விதைகளுக்குக் காமா கதிர் கொடுத்து விதைத்து, முளைப்பவற்றில் கால்நடைத் தீவனத்துக்கு ஏற்ற மேலான ஒன்றைத் தேடுவார். பெரும்பாலும் சோடையும் சொத்தையும்தான் வரும். நான் அதே ஆய்வுக்கூடத்தில் இலையை அரைத்துப் புரதம் அளப்பவள். என் அறிக்கையை மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, "கடைசிச் சொல் ஆட்டின்ர" என்பார். பிறகு தழைக்கட்டோடு நகருக்குள் இருந்த சிறு பண்ணைக்குப் போய், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல வெள்ளாடுகளின் முன் நிற்பார்.

ஒரு வருடம் ஒரே ஒரு காராமணிச் செடி தேறியது. அவர் பேச்சில் அது கௌபி. மற்றவை மஞ்சளித்த பிறகும் அதன் இலை பச்சையாகவே இருந்தது. கிளை ஒடித்துப் போட்டால் ஆடுகள் தண்டையும் விடவில்லை. அது தந்த விதை ஒரு கைப்பிடி. பல வருட உழைப்பு அந்தக் கைப்பிடிக்குள் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஈரம் என்று வீட்டுச் சமையலறை ஹீட்டரின் மேல் காயவைத்தார். நவராத்திரி வெள்ளிக்கிழமை, அக்கா அதையும் கடைக் கௌபியோடு சேர்த்து ஊறவைத்து, அவித்து, சாமிக்குப் படைத்து, எங்களுக்கும் பரிமாறிவிட்டார்.

நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடும்போதுதான் அண்ணை ஹீட்டரைப் பார்த்தார்.

"மனோ, இதில கிடந்த கௌபி எங்க?"

"உங்கட வயித்துக்கதான்."

வந்திருந்த ஒருவர், "கதிர் அடிச்சதையோ திண்டனாங்கள்?" என்று தட்டைத் தள்ளினார். அந்த நிலையிலும் அண்ணை நிதானமாக, "எக்ஸ்ரே எடுத்தாப் பிறகு நீங்கள் இருட்டில மினுங்குறீங்களோ? பயப்பிடாமச் சாப்பிடுங்கோ" என்றார். பிறகு பின்கதவைத் திறந்து தோட்டத்தில் தனியாகப் போய் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஊறாமக் கல்லு மாதிரிக் கிடந்ததுகளைப் பொறுக்கிக் கறிவேப்பிலைச் சாடிக்க எறிஞ்சனான்."

அண்ணை அந்தச் செடிச்சாடி மண்ணைக் கிளற யாரையும் விடவில்லை. குளிர்காலம் முழுக்க, அந்த வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் முதலில் ஜன்னலோரச் சாடியைத்தான் எட்டிப் பார்த்தோம். வெயில் வந்த பிறகு ஒரு காலை அண்ணையிடமிருந்து போன் வந்தது. "ரெண்டு முளைச்சிருக்கு."

"அது கடைக் கௌபியா இருந்தா?" என்று கேட்டேன்.

"ஆட்டைக் கேப்பம்."

இரண்டும் வளர்ந்ததும் ஆளுக்கொரு கிளையோடு பண்ணைக்குப் போனோம். என் கையில் இருந்ததை ஆடுகள் பாதியில் விட்டன. அவர் கையில் இருந்ததில் தண்டும் மிஞ்சவில்லை. அண்ணை வெறுங்கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அந்த வகைக்கு அறிக்கையில் ஓர் எண் உண்டு. எங்களுக்கு அது 'மனோ'.

போன வாரம் அக்காவும் நானும் அதே பண்ணைக்கு ஒரு கட்டு 'மனோ' கொண்டுபோனோம். தின்று முடித்தும் ஆடுகள் நகரவில்லை.

"அண்ணையைத் தேடுது போல, அக்கா."

"இல்லைப் பிள்ளை, இன்னும் கேக்குதுகள்."

இருவரும் சிரித்தோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். என் அறிக்கைகளில் இப்போது கடைசி வரியை வெறுமையாக விடுகிறேன். ஆடு தின்ற பிறகுதான் அதை எழுதுவேன்.