பத்திரிகையில் போட்ட வசனம்

இரண்டு வருடத்துக்கு முன், என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த நேரம். நாங்கள் மாமல்லபுரம், மாப்பிள்ளை வீடு அச்சரப்பாக்கம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலில்தான்.

எங்கள் கல்யாணப் பத்திரிகை என்றால் உச்சியில் பைபிளிலிருந்து ஒரு வேத வசனம் இருக்கும். ஊரே போடுகிற வசனத்தை நானும் போடுவதா என்று எனக்கு ஒரு வீம்பு. வீட்டில் வசனச் சீட்டுகள் போட்ட டப்பா ஒன்று உண்டு. காலையில் ஒரு சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, வேத தியானம் முடிந்தது என்று கிளம்புகிற ஆள் நான். டப்பாவைக் கவிழ்த்துத் தேடியதில் ஒன்று சிக்கியது. நாம் பிரிந்திருக்கும்போது கர்த்தர் நமக்கு நடுவே நின்று பார்த்துக்கொள்வார் என்கிற மாதிரி ஆதியாகமத்தில் வருவது. கப்பல்காரர் மனைவிக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? போதகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாள் என் மனைவி. எனக்குத் தெரியாதா என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

தட்டில் வைத்த முதல் பத்திரிகையோடும் ஐஸ் போட்ட வஞ்சிரத்தோடும் நானும் மனைவியும் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். சம்பந்தி வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையைப் பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னா சம்பந்தி இது? எம் புள்ள மேல சந்தேகமா?"

சந்தேகமா, எதில் என்று கேட்டேன். அவர் வேதத்தை எடுத்துவந்து, அந்த வசனம் வருகிற அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். யாக்கோபு என்கிற மருமகன் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தையும் ஆடுமாடுகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். மாமனார் லாபான் துரத்திவந்து பிடிக்கிறார். யாக்கோபு கட்டியிருந்த லாபானின் இரண்டு மகள்களில் ஒருத்தி அப்பா வீட்டுச் சிலைகளைத் திருடி, ஒட்டகச் சேணத்தில் ஒளித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். கடைசியில் லாபான் மருமகனை எச்சரிக்கிறார்: நான் இல்லாத இடத்தில் என் மகள்களைக் கொடுமைப்படுத்தினால் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் தேடிப்பிடித்த ஆசீர்வாதம் அந்த எச்சரிக்கைதான்!

"அப்ப எம் புள்ள ஏமாத்துக்காரன், ஒங்க பொண்ணு திருடி, நீங்க லாபானு. இத்த ஊருக்கே அடிச்சுக் குடுத்துகினு கீறீங்க" என்று வேதத்தை மூடினார். பத்திரிகையைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். "கல்யாணத்த இன்னா பண்றதுன்னு அப்பால பேசலாம்."

மகளிடம் போய் என்ன சொல்வேன் என்று பயந்தே போனேன். மனைவி பார்த்த பார்வைக்கு லாபானே தேவலாம்.

சமையலறையிலிருந்து சம்பந்தியம்மா கரண்டியோடு வந்தார். "பாதில மூடிட்டாரு. மிச்சத்த நீங்க படிங்க" என்று வேதத்தை என் கையில் திணித்தார். தடுமாறிப் படித்தேன். அந்த எச்சரிக்கைக்குப் பிறகு எல்லோரும் மலையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விடிந்ததும் லாபான் மகள்களையும் பேரப்பிள்ளைகளையும் முத்தமிட்டு, ஆசீர்வதித்து, ஊர் திரும்பினார்.

"அவ்ளோ சண்ட போட்டவங்களே ஒண்ணா சாப்ட்டாங்க. இவுரு ஒரு கார்டுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறாரு. கொழம்பு ஆறுது, எழுந்து வாங்க."

சம்பந்தி முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். தட்டிலிருந்து பத்திரிகையை எடுத்துக்கொண்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வேறு அடித்துவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் சம்பந்தி. அந்த வசனத்துக்கு முன்ன பின்ன எவன் படிக்கப் போறான்?"

மெய்தான். கல்யாணத்தில் பலரும் அருமையான வசனம் என்று என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். ஒருவர் தன் மகள் பத்திரிகைக்கு வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனார்.

இனிக்கிற வரியோடு நான் நிறுத்திவிட்டேன், சுருக்கென்று தைத்த வரியோடு சம்பந்தி நிறுத்திவிட்டார். மிச்சத்தையும் படிக்கச் சொன்ன அந்த அம்மாளால்தான் என் மகள் கல்யாணம் நடந்தது என்பதை, இன்றும் வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.