பெட்டியில் எழுதியிராத எச்சரிக்கை

கனடாவிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தான். கூடப்பிறந்தவன் இல்லை, அப்படிப் பழகியவன். அங்கே அவன் விளையாடப் போகிற சங்கத்தில் பெரிய வாக்குவாதமாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, கதை சொல்லியே விளையாடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டிகளின் மேல் ‘உள்ளே இன்ன இன்ன பயங்கரம் உண்டு’ என்று எச்சரிக்கை ஒட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் சண்டை. “நீங்க என்னக்கா சொல்றீங்க?” என்று கேட்டிருந்தான். பிறகு, “புளியந்தீவு வீடு ஞாபகம் வருது” என்றான். அவனுக்கு மட்டுமா வருகிறது?

கனடாவுக்குப் போகுமுன், மட்டக்களப்பில் அவனும் மனைவியும் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடி அது. யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். ஞாயிற்றுக்கிழமை மனைவி சேர்ச் முடிந்து வந்து சமைப்பாள். நாங்கள் நான்கு பேரும் இறால் குழம்போடு மூக்குமுட்டச் சாப்பிட்டு, அதே மேசையைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறப்போம். தம்பியுடைய மச்சான் ஒருவன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெட்டி. தம்பிதான் கதைசொல்லி. “ஒரு இருட்டுக் குகை, உள்ளுக்குள்ள ஆரோ மூச்சு விடுற சத்தம், என்ன செய்யப்போறீங்க?” என்று அவன் கேட்பான். நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னது சரிவருமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும்.

நான் கள்ளி. வேலை செய்கிற கந்தோரில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத நான், அந்த மேசையில் அரசனின் மோதிரத்தையே கழற்றியிருக்கிறேன். தம்பியின் மனைவி வைத்தியச்சி. பேய் வந்தாலும் முதலில் அதைப் பிடித்துப் பேசிவிட்டுத்தான் மருந்து கட்டுவாள். நாலாவது ஆள் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த நண்பன், உன்னிச்சை என்ற ஊர்க்காரன். கிழமை நாளில் கந்தோர், சனிக்கிழமை வயல் வட்டையில் வெள்ளாமை, ஞாயிறு எங்களோடு. அவன் பெரிய வாள்வீரன். ஆனால் அந்த வாள் உறையை விட்டு வந்ததை நாங்கள் கண்டது குறைவு. ஒருநாள் எதிரிகள் துரத்துகிறார்கள், தப்ப ஒரே வழி வயலுக்குள்ளால் குதிரையை விடுவது. இவன் மறித்துக்கொண்டு நிற்கிறான்.

“கதிர் நிக்கிற வயல் கா. ஆருட வெள்ளாமையோ தெரியா. நான் விடமாட்டன்.”

“கதையில இரிக்கிற வயல்தானே!” என்றேன்.

“கதையில எண்டாப்போல சும்மாவா விளையும்?”

வரம்பால் சுற்றிப் போய் எல்லோரும் பிடிபட்டோம். சிறைக்குள் இருந்தபடி அவன் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கந்தோரில் அவன் அப்படிச் சிரித்து நான் கண்டதேயில்லை. வாய் திறந்து நாலு வார்த்தை பேசினாலே அதிசயம். அந்த மேசை ஒன்றுதான் அவனை அப்படிச் சிரிக்க வைத்தது. அதற்காகவே அந்தப் பெட்டி எனக்குப் பிடித்துப்போனது.

பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. உள்ளே சிலந்தி, இரத்தம், பேய், மதுபானம் உண்டு, கவனம் என்று. நான் அதை உரத்து வாசித்துப் பகிடி பண்ணினேன். கண்டறியாத எச்சரிக்கை! மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிலந்தியைக் காட்டிப் பயமுறுத்தவா? நண்பனும் சேர்ந்து சிரித்தான். தம்பியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. சிலந்தி என்றால் அவளுக்கு மெய்யாகவே உயிர் போகும். அதைப் பார்த்த தம்பி, கதையில் வந்த சிலந்தியை எல்லாம் நண்டாக மாற்றிவிட்டான். யானை உயரத்தில் ஒரு நண்டு வந்தது. அவள் அதைக் கொன்றுவிட்டு, தேங்காய்ப்பாலில் ஆக்குவதா மிளகாய்த்தூளில் ஆக்குவதா என்று எங்களிடம் ஆலோசனை கேட்டாள்.

தம்பிக்கு அதில் ருசி பிடித்துவிட்டது. கதையில் இருந்ததை எல்லாம் எங்கள் ஊராக்கத் தொடங்கினான். சதுப்பு நிலம் வாவியானது, மலைக்கோட்டை ஒல்லாந்தர் கோட்டையானது. நாங்கள் கைதட்டினோம். பிறகு ஒரு ஞாயிறு வந்தது. புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு நீதிபதி, வெள்ளி முகமூடி போட்டவன். ஊர்ச் சனத்தை வரிசையில் விட்டு, குற்றவாளிக்கு நேரே தலையசைப்பான். வெள்ளி முகமூடியைத் தம்பி சாக்காக்கினான்.

“பள்ளிக்கூட மைதானம். சனத்தை எல்லாம் வரிசையில விட்டிரிக்கு. முன்னால ஒருத்தன் கதிரையில இரிக்கான். தலையில சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை…”

எங்கள் வயதுக்காரர் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. இராணுவம் சுற்றிவளைத்த போர்க்காலத்தில் ஊர் ஊராக அப்படித்தான் வரிசையில் விட்டார்கள். அப்படித்தான் காட்டிக்கொடுக்கிறவன் ஒருவன் தலையில் சாக்கோடு இருந்தான். அவன் தலையசைத்தால் கொண்டுபோவார்கள், போனவர் திரும்பி வருவதில்லை. தம்பி எங்களுக்குப் பின்னால் பிறந்து கொழும்பில் வளர்ந்தவன். அவனுக்கு அது கேட்ட கதை. கேட்ட கதையைத்தான் எங்களுக்கு விருந்தாக வைத்தான், பாவி.

நண்பன் கையிலிருந்த பகடையை மெல்ல மேசையில் வைத்தான். எழும்பினான். “பஸ்ஸுக்கு நேரமாகுது” என்றான். பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அவனுக்குக் கூடப்பிறந்த மூத்தவன் ஒருவன் இருந்தான், அப்படி ஒரு மைதானத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவன் என்பது எனக்குத் தெரியும். கந்தோரில் யாரோ சொன்னது. அவன் வாயால் அதை நான் கேட்டதில்லை. படி இறங்கிப் போனவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் தம்பிக்குச் சொன்னேன். கேட்ட தம்பியின் முகம் செத்துப்போனது.

அடுத்த நாள் நண்பன் கந்தோருக்கு வரவில்லை. அறுவடைக்கு லீவு என்றார்கள். அறுவடைக்குத்தானா, எங்களுக்காகவா என்று எனக்கு விளங்கவில்லை. இனி வரவே மாட்டானோ என்று பயந்தேன். அவன் சிரிப்பதற்கு இருந்த ஒரே இடத்தையும் நாங்களே கெடுத்துவிட்டோமே.

அடுத்த ஞாயிறு மூன்று பேர் மட்டும் மேசையைச் சுற்றி இருந்தோம். இறால் குழம்பு இறங்கவில்லை. பெட்டியை எரித்துவிடப்போவதாகத் தம்பி சொன்னான். மனைவி தடுத்தாள்.

“எரிச்சு என்ன? முதல்லயே சொல்லியிரிக்கலாம். இண்டைக்கு இப்பிடி ஒண்டு வரும் எண்டு.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். “எதைச் சொல்லுவ? சுனாமி வந்த கடலுக்கு ஒண்டு, சனம் செத்த பாலத்துக்கு ஒண்டு, மைதானத்துக்கு ஒண்டு. முழு மட்டக்களப்புக்கும் ஸ்டிக்கர் ஒட்டத்தான் வேணும். ஒட்டின மறுகா ஆரு விளையாட வருவா?”

அவள் கொஞ்சமும் அசையவில்லை. “கூத்தில, கொல்ல வாறவனும் வரவுப் பாட்டுப் பாடித்தானே களரிக்கு வாறான்? இன்னார் வாறார் எண்டு கட்டியகாரன் சொல்லாம ஆரும் வாறல்ல. அதுக்காகச் சனம் எழும்பிப் போகுதா? விடிய விடிய இரிந்து பாக்குது.”

சேர்ச்சுக்குப் போகிறவள் எனக்குக் கூத்துப் படிப்பிக்கிறாள்! சின்ன வயதில், கூத்து ஆடுகிற களரியின் ஓரத்தில் பாயில் இருந்து பார்த்தவள் நான். அரக்கனின் வரவு தொடங்கினால் அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வேன். வரவு பாடி முடிவதற்குள் தைரியம் வந்து எட்டிப் பார்ப்பேன்.

உன்னிச்சைக்கு பஸ் ஏறினேன். நண்பன் வட்டையில் நின்றான். வெட்டு முடிந்து நெல் சாக்குகளை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தேத்தண்ணி ஊற்றித் தந்தான். வரம்பில் இருந்தோம். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. “கோபமா?” என்று கேட்டேன்.

“தம்பியோட என்ன கோபம்? அவனுக்கு என்ன தெரியும்?” என்றான். பிறகு வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “வரிசையில மூத்தவனுக்குப் பின்னால நான் நிண்ட. பத்து வயசிரிக்கும். சாக்குக்குள்ளால கண் தெரிஞ்ச. அது எங்கட ஊர்க் கண் கா. எனக்குத் தெரிஞ்ச ஆருடையோ கண். ஆருட எண்டு இண்டைக்கும் தெரியா. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஆக்கள்ற கண்ணத்தான் பாக்கிறன்.”

மடத்தனமாக, “முதல்ல சொல்லியிரிந்தா நீ வந்திரிக்கமாட்டாய்தானே?” என்றேன்.

“வந்திரிப்பன்” என்றான் உடனே. “ஆயத்தமா வந்திரிப்பன்.”

எச்சரிக்கையை ஏதோ கதவுக்குப் போடும் பூட்டு என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் உள்ளே விடாமல் செய்வது, பயந்தாங்கொள்ளிகளுக்கு உரியது என்று. அவனோ வருவதற்குத்தான் அதைக் கேட்கிறான். இப்போது கனடாவிலிருந்து கேட்கும் தம்பிக்கு என் பதிலும் இதுதான், ஒட்டச் சொல்லு. ஆனால் வெளிநாட்டில் அச்சடித்த பெட்டிக்குச் சிலந்தியைத்தான் தெரியும், எங்கள் சாக்கைத் தெரியாது. மிச்சத்தை மேசையில் இருக்கிறவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும், வாயால் கேட்க வேண்டும்.

வயல் வேலை முடிந்த ஒரு ஞாயிறு நண்பன் வந்தான். அன்றைக்கு என்ன வரப்போகிறது என்று தம்பி முதலே சொன்னான். வேறு கதை விளையாடுவோமா என்றும் கேட்டான். நண்பன் தலையை அசைத்து மறுத்தான். “விட்ட இடத்திலிருந்து சொல்லு, தம்பி.”

தம்பி சொன்னான். மைதானம், வரிசை, கதிரையில் சாக்குப் போட்டவன். தம்பியின் முழங்கையை மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் வரிசையை விட்டு முன்னுக்குப் போறன்” என்றான் நண்பன்.

“வாளை எடுக்கிறீங்களா, அண்ணன்?”

“இல்ல.”

“சாக்கைக் கழட்டப்போறீங்களா?”

நண்பன் யோசித்தான். வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்து மேசையிலிருந்த தாள்களைக் கலைத்தது. ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. இத்தனை வருடமும் அவன் தேடிய முகம் அந்தச் சாக்குக்குள் இருந்தது. தம்பி யாருடைய பெயரைச் சொன்னாலும் இனி அதுவே அந்த முகமாகிவிடும். சொல்லிவிடாதே என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

“கழட்டல்ல” என்றான். “கிட்டப் போய்க் குந்தி இரிக்கன். சாப்பிட்டியா எண்டு கேக்கன்.”

கதையில் எந்தப் பூதத்துக்கும் குரல் கொடுக்கத் தெரிந்த தம்பி, கண்ணீர் வழிய, சாக்குக்காரனாக இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

“அப்ப எழும்பு” என்றான் நண்பன். “நீயும் வீட்ட போ. எல்லாரும் வீட்ட போவம்.”