அரிசி வாளிக்குள் போன்

தேயிலை மலையிலிருந்து வந்ததும் சுகிர்தம் முகம் கழுவுவதற்கு முன்பே போனை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்து மூடுகிறாள். போதாதென்று மூடிமேல் அம்மிக்குழவியையும் தூக்கி வைக்கிறாள். அரிசிக்குள் கிடந்தால் அதற்குக் காது கேட்காது என்பது அவள் நம்பிக்கை. அணைத்து வைக்கவும் வழியில்லை. "ஆஃப் பண்ணுனா, ஏன் ஆஃப் பண்ணுனேன்னு எங்க வூட்டுக்காரரு கேப்பாருங்க."

போன டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு அந்தப் போனைக் கொண்டுவந்தவன் அவள் புருசன் றிச்சர்ட். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசையே அந்தப் போன்மேல் கண் வைத்தது. மற்றப் பெண்களிடம் பட்டன் போன்தான். மாலையில் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து, சுகிர்தத்தின் வாசல் இஸ்தோப்பு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கொழும்பில் இருக்கும் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசி முடிந்ததும் போன் ஜன்னலில் கிடந்து பாட்டுப் பாடும். பிள்ளை இல்லாத சுகிர்தத்துக்கு அதுதான் வீடு நிறைந்த நேரம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "சீனி கொறைச்சலா இருந்தா என்னாடி, என் பேச்சு இனிக்கலையா?" என்பாள். சிரிப்பு கீழ் லயம்வரை கேட்கும்.

அந்தப் பெஞ்சில்தான் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பிரேமினி ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இனிப் பிள்ளை வேண்டாமென்று, புருசன் அழகனுக்குத் தெரியாமல் கருத்தடை ஊசி போட்டிருந்தாள். போன் ஜன்னலில் கிடந்தது. அந்த வாரமே றிச்சர்ட் கொழும்பிலிருந்து அழகனைப் போனில் அழைத்து, பொண்டாட்டியை விசாரிக்கச் சொல்லிவிட்டான். மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பிரேமினி வீங்கிய முகத்தோடு வந்தாள்.

"ஒங்ககிட்ட மட்டுந்தானேக்கா சொன்னேன்."

"மாதா மேல சத்தியமா நான் வாயத் தொறக்கலடி."

அவள் திறக்கவில்லைதான்.

சும்மா கிடந்தாலும் போன் சுட்டது. சார்ஜ் நிற்கவில்லை. ஹட்டனில் ஒரு போன் கடையில் கொடுத்தபோதுதான் விசயம் வெளியே வந்தது. "அக்கா, ஒளிஞ்சிருந்து ஒட்டுக்கேக்குற ஒண்ண இதுல போட்டிருக்காங்க. நீங்க பேசுறது, போற எடம், எல்லாம் இன்னொருத்தருக்குப் போகுது. வேணும்னா அழிச்சிர்றேன். ஆனா போட்டவருக்குத் தெரிஞ்சிரும்."

"வேணாந் தம்பி. அப்பறம் நத்தாருக்கு வராம இருந்துருவாரு."

கேட்கிற யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் ஒரு மனுசன் வருசத்துக்கு ஒருமுறை வந்துபோகும் சில நாட்களுக்காகவே மீதி நாட்களை ஓட்டுகிறவளிடம் என்ன சொல்ல முடியும்? பாவம், ஒன்றை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. நேரே பிரேமினியிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அன்றோடு பெஞ்சு காலியானது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. "சுகிர்தம் அக்கா நல்லவங்கதான். அந்தப் போனுதான்..." என்று இழுப்பதோடு சரி. மலையிலும் அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறிக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டே பறிக்கிறார்கள். போனை வாளிக்குள் போட்டுவிட்டதாகச் சொல்லி அவள் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். வேலை இருக்கிறதென்று நழுவிவிடுகிறார்கள்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு வாளிக்குள் போன் முனகியது. குழவியை இறக்கிவைத்து எடுத்தாள். திரையில் றிச்சர்ட்.

"இந்தத் தடவ லீவு கெடைக்கல."

சுகிர்தம் திரையில் ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்தாள். "சரிங்க."

"வூட்ல யாரு இருக்கா?"

அவள் போனைத் திருப்பிப் பிடித்து, கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்களைக் காட்டினாள். அடுப்பைக் காட்டினாள். இஸ்தோப்புக்கு வந்து, காலிப் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகக் காட்டினாள்.

"போதும், போதும்" என்றான் றிச்சர்ட்.

சுகிர்தம் கையை இறக்கவில்லை.